வெள்ளிக்கிழமைக் கருடன்

யூலை 1, செவ்வாய்

விடிந்ததிலிருந்து கச்சான் காற்று. படலை தானாகத் திறந்து தானாக அடித்துக்கொள்கிறது. கொண்டிக்குக் கம்பி வாங்க வேண்டும். துறைமுகப் பக்கமிருந்து தூசி, டீசல் மணம்.

மனைவி பாக்கியத்துக்கு ஆஸ்பத்திரியில் இரத்தம் கழுவும் நாள். ஓட்டோவுக்கு ஏழு மணி சொல்லியிருந்தது. அதற்கு வெகு முன்பே சேலை கட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு விறாந்தைக் கதிரையில். பைக்குள் போர்வை, கிளினிக் கொப்பி, கொஞ்சம் பிஸ்கட். கண் முழுக்க வானத்தில்.

கருடன் வந்தது. பக்கத்து வீட்டுப் பரமேஸின் தண்ணீர்த் தாங்கியைச் சுற்றி ஒரு வட்டம். பிறகு எங்கள் கிணற்றடி மதிலுக்கு மேலால் தாழ்ந்து இன்னொன்று. வெள்ளைக் கழுத்து, செம்பு நிறச் செட்டை. பா. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சரி, வெளிக்கிடுவம்."

அது ஏன் மதிலடியில் தாழ்ந்தது என்று அவளுக்குத் தெரியாது. விறாந்தையிலிருந்து பார்த்தால் வானம் தெரியும், மதில் தெரியாது. மதிலில் ஒரு சிரட்டை மீன்குடல். நான் வைத்தது.

இது எப்படித் தொடங்கியது என்பதை எழுதிவைக்கிறேன், பிறகு எனக்கே மறந்துபோகும். முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போன அன்று படலை தாண்டும்போது தலைக்கு மேலால் கருடன் போனது. அன்று எல்லாம் நல்லபடி. அடுத்த தடவை காணவில்லை. அன்று இயந்திரத்தில் இருக்கும்போதே பிரஷர் இறங்கி மயங்கிவிட்டாள். அன்றோடு தீர்மானம்: கருடன் வராவிட்டால் படலை தாண்ட மாட்டாள். இரண்டு சம்பவத்தை வைத்து விதி எழுதக்கூடாது என்று வகுப்பில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். அவளுக்கும் சொன்னேன். "உங்கட விஞ்ஞானத்தைப் பிள்ளையளோட வைச்சுக்கொள்ளுங்கோ" என்றாள். ஒருநாள் வரவில்லை, அவளும் போகவில்லை. மறுநாள் மூச்சு முட்டி, அவசரப் பிரிவு. அதற்குப் பிறகுதான் மீன்குடல்.

யூலை 3, வியாழன்

காற்று குறையவில்லை. கம்பி வாங்க மறந்தேன்.

நஸீர் சைக்கிளில் மீன் கொண்டுவந்தார். கிண்ணியாக்காரர், நல்ல வாய்.

"என்ன சேர், இன்டைக்கும் குடல்தானோ? மீன் வாங்குற எண்ணமே இல்லியா?"

"சூடை மீன் அரைக் கிலோ போடும். குடல் வேறயாக் கட்டும்."

"பூனை வளக்குறீங்களா, புலி வளக்குறீங்களா? காணுமா இது?"

"காணும், காணும். இவ்வளவு போதும்."

வெள்ளிக்கிழமைதான் சிக்கல். எங்கள் வீட்டில் வெள்ளி மரக்கறி. வியாழன் இரவே சட்டி பானை கழுவி, குளிர்சாதனப் பெட்டி துடைத்து, மச்சத்தின் மணம் ஒரு துளி இருக்கக்கூடாது. நஸீரும் வெள்ளியில் வருவதில்லை. ஆகவே வியாழன் வாங்கும் குடல் ஓர் இரவு பரமேஸ் வீட்டுப் பெட்டியில் தங்கும். பரமேஸ் துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வானவர். இப்போது கோழி வளர்க்கிறார். விஷயம் அவருக்கு மட்டும் தெரியும்.

"சாமிக்கு வெள்ளிக்கிழமையில மீன் குடுக்கிற ஒரே மனுசன் நீங்கள்தான் மாஸ்டர்."

"அது சாமியின்ர வாகனம். வாகனத்துக்கு எண்ணெய் அடிக்கத்தானே வேணும்."

சிரித்துவிட்டு வாங்கி வைத்தார்.

யூலை 4, வெள்ளி

சிரட்டையை மதிலில் வைக்கக் கை உயர்த்தினேன். வைக்குமுன்பே வந்துவிட்டது. முதலில் காற்று, பிறகு ஒரு நிழல், பிறகு பெருவிரலில் நெருப்பு. குடலும் இல்லை, சிரட்டையும் இல்லை. அவ்வளவு கிட்டத்தில் அதன் கண்ணைப் பார்த்ததில்லை. பழுப்புக் கண். கோபம் ஒன்றும் இல்லை அதில். கடையில் சாமான் எடுப்பவனின் கண் போல.

விரலில் நீளமான கீறல். மஞ்சள் வைத்துக் கட்டினேன்.

ஓட்டோவில் பா. கேட்டாள்: "கையில என்ன?"

"முள்முருக்கை."

"முள்முருக்கையைப் போன வருசமே வெட்டியாச்சு."

கையை மடக்கிக்கொண்டேன். 

ஆஸ்பத்திரியில்: எடை கூடியிருக்கிறது, தண்ணீர் குறைக்கச் சொன்னார்கள். இதற்கு மேல் எப்படிக் குறைப்பது. நாள் முழுக்க இரண்டு சின்னக் கப். வாய் காய்ந்தால் பனிக்கட்டித் துண்டு ஒன்றை உறிஞ்சுகிறாள்.

யூலை 6, ஞாயிறு

பரமேஸின் பின்பக்கத் தென்னையில் கூடு இருப்பது தெரியும். இன்று தாங்கிக்கு மேல் குஞ்சைப் பார்த்தேன். குஞ்சு என்றாலும் பெரியது, பறக்கிறது. உடம்பு முழுக்க மண்ணிறம், அழுக்குத் துணி போல. கழுத்தில் வெள்ளை இல்லை. கைக்குழந்தை சிணுங்குவது மாதிரி ஒரு சத்தம். வெள்ளைக் கழுத்துள்ளது வந்து காலில் இருந்த மீனை அதன் முன்னால் போட்டது. தின்றது. மறுபடி சிணுங்கல்.

பரமேஸ் கோழிக்கூட்டடியில் நின்றார். வெள்ளைக் கழுத்துள்ளது மேலே எழும்பியதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதே கையால் குனிந்து கல்லெடுத்து மண்ணிறத்துக்கு எறிந்தார்.

"ஏன் எறியிறீர்?"

"பிராந்து மாஸ்டர். நேற்றும் ஒரு கோழிக்குஞ்சைத் தூக்கிக்கொண்டு போட்டுது."

"உது பிராந்தில்லை. நீர் கும்பிட்ட கருடன்ர பிள்ளை. வளரேக்கதான் கழுத்து வெளுக்கும். பச்சை மிளகாயும் செத்தல் மிளகாயும் ஒரே செடியில காய்க்கிறதுதானே, அப்பிடி."

"பள்ளிக்கூடம் விட்டாச்சு மாஸ்டர்" என்று சிரித்தார். "கருடன் குஞ்சு தூக்குமே? பிராந்துதான் தூக்கும்."

கருடன் வேறு, பிராந்து என்கிற பருந்து வேறு என்று இந்த ஊரே பிரித்து வைத்திருக்கிறது. வெளுத்ததற்குக் கும்பிடு, வெளுக்காததற்குக் கல்.

யூலை 8, செவ்வாய்

வந்தது. போனோம்.

கந்தளாயிலிருந்து வரும் பெண், சிறு வயது, எப்போதும் பா.வுக்குப் பக்கத்துக் கட்டில். இன்று அதில் வேறு ஆள். பா. யாரிடமும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது மட்டும்: "அந்தப் பிள்ளைக்கு வீட்டில கோழி, ஆடு எல்லாம் இருந்தது. ஆர் பாக்கினமோ."

வாங்க: கொண்டிக் கம்பி, சவர்க்காரம், கல்சியம் குளிசை.

யூலை 11, வெள்ளி

ஒரே வட்டம், மிகத் தாழ. செட்டையின் கீழ்ப்பக்கம் ஒவ்வொரு இறகாகத் தெரிந்தது. பயமே இல்லை இப்போது. ஆளைக் கண்டால் விலகுவதற்குப் பதில் கிட்ட வருகிறது.

படலையடியில் பா. நின்றுவிட்டாள். மூச்சு முட்டி இழுக்கிறது. "இது இப்பிடியே எவ்வளவு காலத்துக்கு?"

"மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும் வரைக்கும்."

"என்ர வயசில ஆர் தருவினம்? தந்தாலும் நான் வாங்கமாட்டன். கந்தளாய்ப் பிள்ளைக்குக் குடுத்திருக்கலாம்."

ஓட்டோக்காரர் ரேடியோவைக் கூட்டினார்.

யூலை 12, சனி

காலையில் மதிலுக்கு மேலால் பரமேஸின் தலை. "மாஸ்டர், சத்தம் போடாமல் இஞ்சால வாங்கோ."

கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்தது. செட்டை விரிந்தபடி. வெள்ளைக் கழுத்தில் மண். கால் விரல்கள் மூடியிருந்தன, எதையோ பிடித்தது போல.

பரமேஸ் நேற்று ஒரு செத்த கோழிக்குஞ்சுக்குள் எலி மருந்து வைத்து மதிலில் போட்டிருக்கிறார். "பிராந்துக்குத்தான் வைச்சனான் மாஸ்டர். சத்தியமா பிராந்துக்கு." இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். 

எந்த மதில் என்று கேட்டேன். அதே மதில்தான். நான் சிரட்டை வைக்கும் இடத்திலிருந்து இரண்டு முழம்.

பழக்கியது நான். மனிதன் மதிலில் வைப்பதை யோசிக்காமல் எடுக்கலாம் என்று வாரத்தில் இரண்டு நாள் பாடம் நடத்தியிருக்கிறேன். பரமேஸ் பரீட்சை வைத்தார், அவ்வளவுதான்.

அவரைத் திட்ட முடியவில்லை. உள்ளே போய்த் தன் பட்டுக்கரை வேட்டியை எடுத்து வந்து சுற்றினார். எங்கள் கிணற்றடியில் குழி. பால் ஊற்றி, விபூதி போட்டு, கற்பூரம் கொளுத்தினார். எனக்குத் தெரிந்த ஒரு தேவாரம் பாதியில் மறந்துவிட்டது. கச்சான் காற்று கற்பூரத்தை இரண்டு தரம் அணைத்தது.

"ஏழு தலைமுறைக்குப் பாவம் மாஸ்டர்."

"உமக்குப் பிள்ளையே இல்லை. தலைமுறைக்கு எங்க போறது?"

சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அவர் அழுதார்.

பா.வுக்குச் சொல்வதில்லை என்று முடிவு.

யூலை 13, ஞாயிறு

சோடியில் மற்றது காலை முழுக்கத் தாங்கியில் இருந்து கத்தியது. மதியத்துக்குப் பிறகு காணவில்லை. நஸீரிடம் முழுச் சூடை வாங்கி மதிலில் அடுக்கினேன். காகம் தின்றது. மாலையில் உயரத்தில் ஒன்று போனது, துறைமுகப் பக்கம். இறங்கவில்லை. அதுவோ வேறு ஒன்றோ.

மண்ணிறக் குஞ்சு மட்டும் தாங்கியில். சிணுங்கல். ஒன்றும் வரவில்லை. இருட்டும் வரை சிணுங்கியது.

யூலை 15, செவ்வாய்

பா. கதிரையில். பை மடியில். ஓட்டோ வந்து நின்றது. வானத்தில் ஒன்றுமில்லை. வெறும் வெள்ளை வெயில்.

மதிலுக்குக் குஞ்சு வந்தது. இன்று வைத்த சூடையைக் கண்டுவிட்டது. எடுத்துக்கொண்டு எழும்பி, விறாந்தைக்கு நேர் மேலால், கூரை உயரத்தில் போனது. இதைவிடத் தெளிவாகக் கருடனே வந்ததில்லை.

"வந்திட்டுது, வாரும்" என்றேன்.

"அது பிராந்து."

"இல்லை பாக்கியம். கருடன்ர பிள்ளை. தாய் தேப்பன் மீன் தீத்தினதை நான் கண்ணால கண்டனான். கழுத்து பிறகு வெளுக்கும். குரும்பையும் தேங்காய்தானே?"

"குரும்பையைத் துருவிக் கறி வைக்க ஏலுமோ?"

"சரி, போற வழியில துறைமுக ஜெட்டியடியில பத்துக் கருடன் சுத்தும், காட்டுறன்."

"படலை தாண்டினாப் பிறகு காணுறது சகுனமில்லை."

"நீர் குசினிக்குள்ள இருக்கேக்க வெள்ளைக் கழுத்து ஒண்டு வந்தது. நான் கண்டனான்."

பொய். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள்.  எழுந்து உள்ளே போய்ச் சேலையை மாற்றினாள்.

ஓட்டோக்காரர் கொஞ்சநேரம் நின்றார். "அம்மா வரேல்லையோ ஐயா?" வெறுமையாகப் போனார். படலை அடித்துக்கொண்டது.

யூலை 16, புதன்

கால் இரண்டும் வீக்கம். விரலால் அமர்த்தினால் குழி விழுகிறது, எழும்ப நேரமெடுக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து தாதி தொலைபேசி எடுத்தார். நாளைக்கே வந்தாலும் இடம் தருவதாகச் சொன்னார். நல்ல பிள்ளை.

கனடாவிலிருந்து மகள் கௌரி. "அப்பா, கெஞ்சிக்கொண்டிருக்காதேங்கோ. தூக்கிக்கொண்டு போங்கோ." பா. தொலைபேசியை வாங்கி, "இஞ்ச காத்து, ஒண்டும் கேக்கேல்லை" என்று வைத்துவிட்டாள். எல்லாம் கேட்டது.

பின்னேரம் அவள் காலுக்குத் தலையணை வைக்கும்போது சொன்னாள்:

"வெள்ளிக்கிழமையில என்னை ஓட்டோவில ஏத்தேக்க உங்கட கை சவர்க்காரமும் மீனும் மணக்கும்."

 "எப்ப இருந்து தெரியும்?"

"முதல் வெள்ளியே. நாக்கில ருசி இல்லை, காலில பெலமில்லை. மூக்கு மட்டும் நல்லாத்தான் இருக்கு."

"தெரிஞ்சுகொண்டோ கன்னத்தில போட்டனீர்?"

"வந்தது கருடன்தானே. ஆர் கூப்பிட்டா என்ன." கொஞ்சம் மூச்சு எடுத்தாள். "அறுபது வயசு தாண்டின மனுசன், விஞ்ஞானம் படிப்பிச்ச மனுசன், வெள்ளிக்கிழமை மீன்குடலோட மதிலில தொங்குது. அதுக்காகத்தான் போய்ப்போய் வந்தனான்."

"அப்ப நேற்றும் வந்திருக்கலாமே."

"சனிக்கிழமை கற்பூரம் மணந்தது. பரமேஸ் கிணத்தடியில சாமி கும்பிடுறவரோ? மத்தியானம் இந்திராவைக் கேட்டன். மனுசியும் மறைக்கேல்லை."

இந்திரா பரமேஸின் மனைவி. பா. சனிக்கிழமையே அறிந்திருக்கிறாள். செவ்வாய் காலை சேலை கட்டி, பையுடன் இருந்தது எதற்கு என்று கேட்டேன்.

"இன்னொண்டு தானா வருமோ எண்டு பாத்தன். கூப்பிடாமல்." பிறகு: "எனக்குக் காணும்."

"எனக்குக் காணாது பாக்கியம்."

 கண்ணை மூடிக்கொண்டாள். நித்திரை இல்லை, தெரியும்.

யூலை 17, வியாழன்

ஆடிப்பிறப்பு. ஒழுங்கை முழுக்கத் தேங்காய்ப்பால் மணம்.

காலையில் மறுபடி கேட்டேன். எல்லா உதாரணமும் சொன்னேன். தண்ணீர் இறைக்காத கிணறு, அடைத்த வாய்க்கால், துறைமுகத்தில் கழிவு இறக்காத கப்பல். பொறுமையாகக் கேட்டாள், வகுப்பில் பின் வாங்கில் இருக்கும் கெட்டிக்காரப் பிள்ளை போல. "நல்லாச் சொல்லுறீங்கள்" என்றாள். அவ்வளவே.

இந்திரா தூக்குச்சட்டியில் ஆடிக்கூழ் கொண்டுவந்தாள். வாசலிலேயே நின்றாள், பா.வின் முகத்தைப் பார்க்கக் கூச்சம். "மாஸ்டருக்குத்தான். அக்காவுக்குத் தண்ணிக் கணக்கு எண்டு தெரியும்."

"அக்காவுக்கும்தான். பலாவிலை கொண்டு வந்தனீரோ?"

கொண்டுவந்திருந்தாள். இலையை மடித்து ஈர்க்குக் குத்தி நான்தான் ஊற்றினேன். தேங்காய்ப்பால், சர்க்கரை, பயறு. மருத்துவர் வேண்டாம் என்று சொன்னதெல்லாம் ஒரே சட்டியில். ஓர் இலை குடித்தாள். உதட்டை நக்கினாள்.

"காணும் பாக்கியம்."

"காணாது. ஊத்துங்கோ."

ஊற்றினேன். வேறு என்ன செய்வது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு தாகம் தீர ஒன்று குடிக்கிறாள். சட்டியின் அடியில் கிடந்த தேங்காய்ச் சொட்டையும் கரண்டியால் எடுத்து மென்றாள். இந்திரா முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

"அழாதையும். உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு, அதுக்குத்தான் அழவேணும்."

மூன்று பேரும் சிரித்தோம்.

இரவு முழுக்கச் சாய்ந்து இருந்தபடி. படுத்தால் மூச்சு வரவில்லை.

யூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. காற்று விழுந்துவிட்டது. எத்தனை நாளைக்குப் பிறகு படலை சத்தமில்லை. கம்பி கடைசிவரை வாங்கவில்லை.

ஓட்டோ சொல்லவில்லை. சொல்லவோ என்று விடிய ஒருமுறை கேட்டேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

பிறகு, கதிரையைக் கிணற்றடிக்குக் கொண்டுபோகச் சொன்னாள். பரமேஸைக் கூப்பிட்டேன். கதிரையோடு தூக்கிப்போய் மதிலடியில் வைத்தோம். புதைத்த இடத்துக்குக் கிட்ட. பரமேஸ் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

குஞ்சு தாங்கியில். சிணுங்கல் இப்போது குறைவு. மெலிந்துவிட்டது, நெஞ்செலும்பு தெரிகிறது.

"பரமேஸ், உங்கட பெட்டியில மீன் இருக்கோ?"

அவர் என்னைப் பார்த்தார். "இண்டைக்கு வெள்ளி அக்கா. ஆடி வெள்ளி."

"வெள்ளி எண்டு அதுக்குத் தெரியுமோ? கொண்டு வாங்கோ."

கொண்டுவந்தார், சூடை நாலைந்து, தட்டத்தில். பா. மடியில் வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை, குளித்து விபூதி பூசிய நெற்றியுடன். ஒன்றை எடுத்து எறிந்தாள். கையில் பலமில்லை, காலடியிலேயே விழுந்தது.

எனக்கு ஒரு கணம் ஏதோ நம்பிக்கை. "பாக்கியம், ஓட்டோவுக்குப் போன் அடிக்கவோ? இப்பவும் நேரமிருக்கு."

"சகுனத்துக்கில்லை. தாயோ தேப்பனோ செத்த பிள்ளை. பசி."

அது இறங்கியது. முதலில் மதிலுக்கு, பிறகு நிலத்துக்கு. நிலத்தில் கோழி மாதிரித் தத்தித் தத்தி வந்தது. அவள் காலுக்கு ஒரு முழத்தில் மீனை மிதித்துக்கொண்டு கிழித்தது. பரமேஸ் அசையவில்லை. நானும் இல்லை. பா. வீங்கிய காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

அடுத்ததைப் போட்டாள். தின்றது. வீட்டுக்குள் தொலைபேசி அடித்தது, ஆஸ்பத்திரியாக இருக்கும். அடித்து ஓய்ந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே கடைசி மீனையும் போட்டாள்.

"வெளுத்திட்டுதோ எண்டு பாருங்கோ" என்றாள் என்னிடம். "எனக்குக் கண் தெளிவில்லை."

குனிந்து பார்த்தேன். அவ்வளவு கிட்டத்தில். கழுத்தில் ஒரு வெள்ளை இறகுகூட இல்லை.